அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

சென்ற டிசம்பரில் சிகாகோவிலிருந்து ஒரு நண்பன் வந்து அஜ்மானில் எங்கள் வீட்டில் இரண்டு இரவு தங்கினான். இருபது வருடங்களுக்கு முன் அங்கே ஒன்றாக முதுகலை படித்தவர்கள் நாங்கள். அவன் அங்கேயே தங்கிவிட்டான். நான் இரண்டு மூன்று ஊர் சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு விமானம் பிடிப்பதற்கு முன் துபாயைப் பார்த்துவிட வேண்டும் என்றான். முதல் நாள் மாலையே புர்ஜ் கலீஃபாவுக்கு அழைத்துப் போனேன். நீரூற்று ஆடி முடித்துக் கூட்டம் கலையும்வரை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தவன், காரில் ஏறியதும் சொன்னான்: "எல்லாம் சரிடா. ஆனா இது டவுன்டவுன் இல்ல."

துபாயிலிருந்து அஜ்மானுக்குத் திரும்பும் சாலையில் மாலை நேரத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். சண்டை போட அது போதுமான நேரம்.

அவன் கட்சி இது. டவுன்டவுன் என்பது தானாக வளர வேண்டியது. நீதிமன்றமும் வங்கியும் பழைய புத்தகக் கடையும் பிச்சைக்காரரும் ஒரே தெருவில் முட்டிக்கொள்ள வேண்டும். சிகாகோவின் லூப் அப்படிப்பட்டது. 1897இல் மேம்பால ரயில் ஒரு வளையமாகச் சுற்றி முடிந்த இடம் இன்றும் அதே வளையத்துக்குள் இயங்குகிறது. இங்கேயோ ஒரு நிறுவனம் வரைபடம் போட்டு, அதற்கு 'டவுன்டவுன்' என்று பெயர் வைத்து, சதுர அடிக் கணக்கில் விற்றிருக்கிறது. 'இதுதான் மையம்' என்று பெயர்ப்பலகை வைத்துச் சொல்ல வேண்டிய இடம் எப்படி மையமாகும்?

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. வளைகுடாவில் 'சிட்டி சென்டர்' என்றால் நகரத்தின் மையம் அல்ல, ஒரு மால். 1995இல் தேராவில் திறந்ததற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அஜ்மானிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. டாக்ஸியில் ஏறிச் சிட்டி சென்டர் என்றால் ஓட்டுநர் நேராக அதன் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மையம் என்ற சொல் இங்கே வணிகப் பெயராகிவிட்டது.

ஆனாலும் அவன் ஒப்பிட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. லூப்போடு ஒப்பிட வேண்டியது புர்ஜ் கலீஃபாவை அல்ல. க்ரீக் கால்வாயின் இரு கரைகளான தேராவையும் பர்துபாயையும். சிகாகோ ஆற்று முகத்தில் சரக்கு இறங்கியதால் ஊர் உண்டானதுபோல, இந்த உப்பங்கழியில் மரக்கலங்கள் ஒதுங்கியதால் உண்டான ஊர் துபாய். இன்றும் ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் கரை மாறலாம். அங்கே கப்பல் சரக்கும் தங்கமும் ஏலக்காயும் தமிழ் மெஸ்ஸும் ஒரே சந்தில் முட்டிக்கொள்கின்றன.

வயதையும் பார்க்க வேண்டும். சிகாகோ 1837இல் நகரமானது. 1889இல் அங்கே போன கிப்ளிங், இனி அந்த ஊர்ப்பக்கம் தலைவைக்கக் கூடாது என்கிற தொனியில் எழுதினார். பணத்தைத் தவிர அங்கே எதுவுமில்லை என்பதே அவருடைய குறை. ஐம்பத்திரண்டு வயது ஊரின்மேல் சொன்ன குற்றச்சாட்டு அது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் உருவானது 1971 டிசம்பரில். என் நண்பன் சொல்வதும் ஏறக்குறைய அதே வயது, அதே குற்றச்சாட்டு. போதாததற்கு அவன் வந்தது டிசம்பரில். ஜூலையில் வந்திருந்தால், மாலைக் குளிர்பதனம் இல்லாமல் மனிதர் நடமாட முடியாது என்று புரிந்திருக்கும். சிகாகோவின் ஜனவரியில் லூப்பின் அடியில் ஓடும் நடைபாதைச் சுரங்கங்கள் வழியாக நாங்களும்தானே வகுப்புத் தோழர்களைப் பார்க்கப் போனோம்?

"சரி, நீயே சொல்லு. எத வச்சு ஒப்பிடறது?" என்றான்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. அதற்குப் பதில் சொல்லத் தகுதி இருப்பதாக ஒரு காலத்தில் நினைத்தேன், ஏனென்றால் ஒப்பிடுவதே என் தொழில். ஒரு நிறுவனம் புது மென்பொருள் வாங்க வேண்டுமென்றால் நான்கைந்து பேரிடம் விலைப்புள்ளி கேட்பார்கள்; அவற்றை ஒப்பிட்டு மதிப்பெண் அட்டவணை போடுவது என் வேலை. பாதுகாப்புக்கு இருபது சதவீதம், விலைக்கு முப்பது, வேகத்துக்குப் பதினைந்து என்று ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு வெயிட்டேஜ். பார்க்க அவ்வளவு நேர்மையாக இருக்கும். ஆனால் வெயிட்டேஜை யார் முடிவு செய்கிறார்களோ அவர்களே வெற்றியாளரையும் முடிவு செய்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பல நேரம் முதலில் முடிவு வரும், பிறகு வெயிட்டேஜ் வரும்.

நகரங்களின் போட்டியிலும் இதுவே நடந்திருக்கிறது. சிகாகோவின் சியர்ஸ் டவர் இருபது வருடத்துக்கு மேல் உலகின் உயரமான கட்டடமாக இருந்தது. 1996இல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் அதை முந்தின. மனிதர் நடமாடும் கடைசி மாடியைப் பார்த்தால் சியர்ஸ்தான் உயரம். கூரையின்மேல் நிற்பது ஆன்டெனா என்றால் கணக்கில் வராது, அலங்கார முனை என்றால் வரும் என்ற விதியால் சிகாகோ தோற்றது. 2013இல் நியூயார்க்கின் ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரிடம் மறுபடி அதே விதியால் தோற்றது. கூரையளவில் சியர்ஸ் 442 மீட்டர், நியூயார்க் கட்டடம் 417. தீர்ப்புச் சொன்ன உயர்கட்டடக் குழுவின் தலைமையகம் சிகாகோவிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சொந்த ஊருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அதே குழு அதே ஆண்டில் இன்னொரு கணக்கும் வெளியிட்டது: புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டரில் உச்சியிலுள்ள 244 மீட்டர் யாரும் புழங்க முடியாத உயரம்.

மக்கள்தொகையிலும் இப்படித்தான். 2020 கணக்கெடுப்பில் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் ஒன்பதரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சான்பிரான்சிஸ்கோ எட்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக ஜாக்சன்வில்தான் பெரிய ஊர். காரணம், 1968இல் அது தன்னைச் சுற்றியிருந்த மாவட்டம் ஏறக்குறைய முழுவதையும் நகர எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. நானும் நண்பனும் கல்லூரியில் போட்ட சண்டைகளிலும் எல்லைக்கோடுதான் ஆயுதம். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் மதுரை 10.17 லட்சம், கோவை 10.5 லட்சம். நான் அதைச் சொல்லி "ரெண்டும் ஒண்ணுதாண்டா" என்பேன். அவன் புறநகரையும் சேர்த்துக்கொண்டு, உங்கள் ஊர் பதினான்கு லட்சத்துச் சொச்சம், எங்கள் ஊர் இருபத்தொரு லட்சத்தைத் தாண்டியது என்பான். இரண்டு பேர் சொன்னதும் அரசாங்கக் கணக்கு. ஒருவரும் பொய் சொல்லவில்லை.

பொய் சொன்னவர்களும் உண்டு. 1890இல் மினியாபொலிஸும் செயின்ட் பாலும் ஆற்றுக்கு இக்கரை அக்கரையில் நின்று எது பெரிய ஊர் என்று மோதிக்கொண்டபோது, இல்லாத ஆட்களையெல்லாம் கணக்கில் சேர்த்து இரண்டு ஊரும் மாட்டிக்கொண்டன. மறுபடி எண்ண வேண்டியதாயிற்று. ஆனால் பொய்யை மறுகணக்கெடுப்பு திருத்திவிடும். பொய்யே இல்லாமல் ஓரவஞ்சனை செய்யும் அளவுகோலை எப்படித் திருத்துவது?

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் 118ஆம் குறள் தராசை உவமையாகச் சொல்கிறது. நிறுப்பதற்குமுன் கோல் தானே சமமாக நிற்க வேண்டும் என்பதுதான் பள்ளியில் நான் மனப்பாடம் செய்தபோது கவனிக்காத செய்தி. நாங்கள் தட்டில் எதை வைப்பது என்பதிலேயே குறியாக இருந்தோம். கோல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இதற்கு மாற்றாக ஒரு வழி உண்டு: ஒவ்வொரு ஊரையும் அதன் மொழியிலேயே படிப்பது. ரெய்னர் பேனம் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலை விமர்சகர் 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மையமே இல்லாத ஊர், அதனால் அது ஊரே இல்லை என்று எல்லோரும் ஏளனம் செய்த காலம். பேனம் அந்த ஊரை மூலமொழியில் படிப்பதற்காகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். கடற்கரை, மலைச்சரிவு, சமவெளி, விரைவுச்சாலை என்று நான்காக அதை வாசித்தார். டவுன்டவுனுக்கு ஒரு சிறு குறிப்பு மட்டுமே ஒதுக்கினார். லாஸ் ஏஞ்சலஸை நியூயார்க்கின் அளவுகோலால் அளக்காதே என்பது அதன் சாரம்.

பல வருடங்கள் எனக்கு இது போதுமானதாக இருந்தது. அவரவர் ஊர் அவரவருக்கு என்பதில் ஒரு பெருந்தன்மை தெரிகிறது. பிறகுதான் அதன் வசதி புரிந்தது. ஓர் ஊரை அதன் சொந்த மொழியில் மட்டுமே படித்தால், அந்த ஊர் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளாததை எங்கே படிப்பது? லாஸ் ஏஞ்சலஸின் டவுன்டவுனை ஒட்டி பங்கர் ஹில் என்ற மேடு இருந்தது. பழைய பெரிய வீடுகள் வாடகை அறைகளாகிவிட்ட இடம். குறைந்த வருமானக்காரர்களும் முதியவர்களும் குடியிருந்தார்கள். நகரப் புனரமைப்பு என்று சொல்லி 1950களின் இறுதியிலிருந்து அதைக் காலி செய்து, வீடுகளை இடித்து, மேட்டையும் செதுக்கினார்கள். இன்று அந்தப் பக்கம்தான் வானுயர் கட்டடங்களும் இசையரங்குகளும் நிற்கின்றன. அங்கே நின்று புகைப்படம் எடுப்பவர் ஒரு நகர மையத்தைப் பார்க்கிறார். அங்கிருந்து போனவர்கள் படத்தில் இல்லை.

அன்றிரவு அஜ்மான் வந்து சேர்ந்தபோது மணி பத்து. வீட்டுக்குப் போகுமுன் தெருமுனைக் கடையில் கரக் டீ குடித்தோம். அங்கே வழக்கமாக வரும் ஒருவரை எனக்குத் தெரியும். மானாமதுரைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். நண்பனை அறிமுகம் செய்துவைத்து, இப்போதுதான் டவுன்டவுன் போய் வருகிறோம் என்றேன்.

"எனக்கும் அங்கதாண்ணே டூட்டி," என்றார்.

நண்பனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "எப்படி இருக்கும், டெய்லி அத பாக்கறதுக்கு?"

"எனக்கு டவுன்டவுன்னா பி-த்ரீ சார். மூணாவது பேஸ்மெண்ட். கார் பார்க்கிங் கிளீனிங். அந்தத் தண்ணி டான்ஸ் ஆடுறத எம்பொண்டாட்டிதான் யூட்யூப்ல பாத்துட்டு எனக்கு அனுப்புனா."

அதிகாலை மூன்றே காலுக்கு எழுந்து, நாலே காலுக்குக் கம்பெனி பஸ் பிடித்து, ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். திரும்பி அறைக்கு வர இரவு எட்டு, சமைத்துச் சாப்பிடப் பத்து. அறையில் ஆறு பேர். லீவு நாளில் எங்கே போவீர்கள் என்று கேட்டதற்கு யோசிக்காமல் ஷார்ஜாவின் ரோலா என்றார். ஒரு காலத்தில் அங்கே நின்ற ஆலமரத்தின் பெயர் அது. மரம் 1970களின் இறுதியில் விழுந்துவிட்டது. கூட்டம் மட்டும் கலையவில்லை. ஊர்க்காரர்கள், பார்சல், பணம் அனுப்பும் கடை, பேச்சு எல்லாம் அங்கேதான். அவருடைய டவுன்டவுன் ரோலா.

"கஷ்டமா இல்லையா?" என்றான் நண்பன்.

"அவுங்க ஊரு, அவுங்க நல்லாத்தான் கட்டியிருக்காங்க சார். எனக்கு இன்னும் ஒரு மூணு மணி நேரம் தூக்கம் கெடச்சாப் போதும்."

அன்றிரவு எனக்கு என் தொழிலின் இன்னொரு சொல் நினைவுக்கு வந்தது: அவுட் ஆஃப் ஸ்கோப். இரண்டு விலைப்புள்ளிகளில் ஒன்று மிகக் குறைவாக வந்தால், அனுபவம் உள்ளவர் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கமாட்டார். கடைசிப் பக்கத்தில் எதையெல்லாம் ஒப்பந்தத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். பயிற்சி வெளியே, பழைய தரவுகளை மாற்றித் தருவது வெளியே, இரவுநேர உதவி வெளியே. வெளியே தள்ளியதற்கும் யாரோ பணம் கொடுக்கத்தான் போகிறார்கள். அந்தப் பக்கத்தை உள்ளே கொண்டுவந்தபிறகே இரண்டும் ஒப்பிடத்தக்கவை ஆகின்றன.

நகர மையங்களுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். எந்த அளவுகோல் என்பது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு மையமும் எதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது என்பது முதல் கேள்வி. துபாயின் மையத்துக்கு அதன் தொழிலாளர்கள் தூங்கும் அல்கூஸும் சோனாப்பூரும் ஷார்ஜாவும் அஜ்மானும் சேர்ந்ததுதான் முழுக் கணக்கு. 2009இல் தொடங்கிய துபாய் மெட்ரோ எமிரேட்டின் எல்லையில் நின்றுவிடுகிறது. அந்த மூன்று மணி நேரத் தூக்கமும் அங்கேதான் தொலைகிறது.

மறுநாள் காலை இதைச் சொன்னபோது நண்பன் சற்றுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே, படிக்கும் காலத்தில் நாங்கள் நூலகத்திலிருந்து திரும்பும் பின்னிரவு ரயிலை நினைவுபடுத்தினான். லூப்பின் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வரும் பெண்கள் சீருடைக்குமேல் குளிர்கோட்டு போட்டுக்கொண்டு தூங்கி வழிவார்கள். "ஆனா அவங்களும் நாமளும் ஒரே ரயில்லதாண்டா வந்தோம். நைட்டு பூரா ஓடும்," என்றான். அது உண்மை. சிகாகோவின் கணக்கில் எழுத வேண்டிய வரவு.

ஆனால் இன்னொரு வரி மிச்சம் இருக்கிறது, அதை நான்தான் சொன்னேன். மானாமதுரைக்காரர் அந்த ரயிலில் ஒருநாளும் ஏற முடியாது. அவருக்கு அமெரிக்கா விசா கொடுக்காது. மதிப்பெண் பட்டியலும் வங்கி இருப்பும் காட்டி நாங்கள் இருவரும் நுழைந்த கதவு அவருக்கு மூடியது. துபாய் அவரைக் கடினமான நிபந்தனைகளோடு உள்ளே விட்டது. சிகாகோ உள்ளேயே விடவில்லை. உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணினால், ஏழைகளை வாசலிலேயே நிறுத்திவிடும் ஊர்தான் எப்போதும் நல்ல ஊராகத் தெரியும். அவர் மானாமதுரையில் எழுப்பிக்கொண்டிருக்கும் வீடும் படிக்கும் பிள்ளையும் துபாயின் கணக்கில் வர வேண்டிய வரவு. மூன்றாவது பேஸ்மெண்டும் மூன்றேகால் மணி விழிப்பும் அதே கணக்கில் வர வேண்டிய பற்று. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

ஜான் ரால்ஸ் 1971இல் 'நீதிக் கோட்பாடு' நூலில் ஒரு சோதனை சொன்னார். ஒரு சமூகத்தில் நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாத நிலையில் அதன் விதிகளை வகுக்கச் சொன்னால் எப்படி வகுப்பாய்? எந்த நகரம் நல்லது என்ற கேள்விக்கு இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது என்று படிக்கும் காலத்தில் எண்ணினேன். ஆனால் ரால்ஸ் மனதில் வைத்திருந்தது மூடிய சமூகம். பிறப்பால் உள்ளே வந்து இறப்பால் வெளியேறும் மனிதர்கள். இங்கே பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வேறு நாட்டுக் குடிமக்கள். விசாவால் வந்து விசாவால் போகிறவர்கள். என் மகள் அஜ்மானில் பிறந்தவள், இந்தியக் கடவுச்சீட்டுக்காரி. அவள் எந்த ஊரின் கணக்கில் வருவாள்? திரைக்குப் பின்னால் நிற்பவர்களின் வரிசையில் மானாமதுரையை நிற்கவைக்காமல் சிகாகோவையும் துபாயையும் ஒப்பிட முடியாது என்பதுவரை ரால்ஸை நீட்டலாம் என்று நினைக்கிறேன். அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் பேசுகிற நான் எங்கே நிற்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். சம்பளம் துபாயில், வாடகை அஜ்மானில். எல்லைக்கோட்டால் லாபம் அடைபவன் நான். அந்தக் கோடு மானாமதுரைக்காரரின் தூக்கத்தைத் தின்கிறது, என் சேமிப்பை வளர்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் மதுரையில் தங்கை மகள் திருமணம். அழைப்பிதழில் தாய்மாமன் வரிசையில் என் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் துபாய். எனக்கு அது உறுத்தவேயில்லை. பத்து வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். அம்மாவும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த மகள்தான் விரல் வைத்துக் காட்டிக் கேட்டாள். "அப்பா, தப்பா போட்டிருக்காங்க. நம்ம வீடு அஜ்மான்லதானே?" துபாய் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும் என்றேன். "அஜ்மான்னு சொன்னா என்ன ஆகும்?" என்றாள். பதில் சொல்லவில்லை.

இத்தனைக்கும் துபாய் என்ற பெயரைவிட அஜ்மான் என்ற பெயர் எனக்கு முன்பே தெரியும். 1960களில் இந்தச் சின்ன எமிரேட் உலகத்துச் சேகரிப்பாளர்களுக்காக வண்ண வண்ணமாய்த் தபால்தலைகள் அச்சடித்து விற்றது. மாமா கொடுத்த ஆல்பத்தில் அவற்றில் சில இருந்தன. ஏழு எமிரேட்களில் மிகச் சிறியது, சுமார் 260 சதுர கிலோமீட்டர். அதற்கும் ஒரு மையம் உண்டு: பதினெட்டாம் நூற்றாண்டுக் கோட்டை, 1970வரை ஆட்சியாளர் குடியிருந்தது, இன்று அருங்காட்சியகம். அங்கிருந்து நடந்தால் கடற்கரை, மீன் சந்தை. மாலையில் என் மகள் சைக்கிள் ஓட்டுவது அங்கேதான். நண்பனை இரண்டாம் நாள் அங்கே அழைத்துப் போக நினைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துபாயின் கணக்கில் எது விடுபட்டது என்று நியாயம் பேசிக்கொண்டே என் ஊரை நானே கணக்கில் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் தம்பி வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தான். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் போன் செய்து, என் பெயருக்குப் பக்கத்தில் அஜ்மான் என்று போடச் சொன்னேன்.

"அது எங்கண்ணே இருக்கு? யாருக்கும் தெரியாதே," என்றான்.

"தெரியலேன்னா கேக்கட்டும். போடு."

அழைப்பிதழின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அடைப்புக்குறிக்குள் 'அஜ்மான், துபாய்' என்று இருந்தது, மதுரையில் அண்ணாநகர் என்பதுபோல. மகளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "பாதி சரி" என்றாள்.